'நெகட்டிவ்'னு வந்தும் ஏன் கொடி பிடிக்கல? – பெருந்தொற்றுக் காலத்தில் விளையாட்டாளர்களுக்கான பரிசோதனை, தனிமைப்படுத்தல் விதிகள்



டத்தோ கிராமாட்டில் பாரம் 5 மாணவர்களுக்கு மாலையில் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். ஒரு நாள், 'பெருந்தொற்றுக் காலத்தில் விளையாட்டாளர்கள் எதிர்நோக்கிய சவால்கள்' என்ற தலைப்பில் கருத்து விளக்கக் கட்டுரை எழுதச் சொன்னேன். பன்னிரண்டு பேர் எழுதினார்கள். பன்னிரண்டு கட்டுரையிலும் ஏறக்குறைய ஒரே வாக்கியம்தான்: "விளையாட்டாளர்கள் பரிசோதனை செய்துகொண்டனர். தனிமைப்படுத்தப்பட்டனர். இதனால் மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளாகினர்."

தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் இதில் விளக்கம் எங்கே? எந்தப் பரிசோதனை, யாரை, எத்தனை நாள், எதற்காகத் தனிமைப்படுத்தினார்கள்? ஒன்றுமே இல்லை. இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பின் வரிசையிலிருந்து ஒரு மாணவன் கேட்டான்: "டீச்சர், மாரியப்பனுக்கு டெஸ்ட் நெகட்டிவ்னுதானே வந்துச்சு? அப்புறம் ஏன் அவரைக் கொடி பிடிக்க விடல?"

நல்ல கேள்வி. அன்றைக்கு அவனுக்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. வீட்டுக்குப் போய்த் தேடிப் படித்து, மறுவாரம் வகுப்பில் விளக்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன். மாணவர்கள் எடுத்துக்காட்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்கள் இதை அப்படியே ஒரு பாடமாக நடத்தலாம்.

1. முதலில் மூன்று கேள்விகளைப் பிரித்துக்கொள்வோம்

ஒரு விளையாட்டாளரைக் களத்தில் இறங்க விடலாமா என்று முடிவு செய்ய, அதிகாரிகள் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் தேடினார்கள்.

முதல் கேள்வி: இவர் உடம்பில் கிருமியின் தடயம் இருக்கிறதா?
இரண்டாம் கேள்வி: இவரிடமிருந்து அடுத்தவருக்குத் தொற்றுமா?
மூன்றாம் கேள்வி: தொற்று உள்ள ஒருவருக்குப் பக்கத்தில் இவர் இருந்தாரா?

மூன்றும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் ஒன்றுக்கு 'ஆம்' என்றும் மற்றொன்றுக்கு 'இல்லை' என்றும் ஒரே ஆளுக்குப் பதில் வரலாம். பெருந்தொற்றுக் காலத்தில் நடந்த பல குழப்பங்களுக்கு, இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதே காரணம். எங்கெல்லாம் இவற்றைப் பிரித்துப் பார்த்தார்களோ, அங்கெல்லாம் விதிகள் கொஞ்சம் நியாயமாக நடந்தன. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இது ஒன்றைத்தான். மற்றதெல்லாம் இதற்கான எடுத்துக்காட்டு.

2. எந்தப் பரிசோதனை எதைச் சொல்கிறது?

பி.சி.ஆர். பரிசோதனை: மூக்கிலிருந்தோ உமிழ்நீரிலிருந்தோ மாதிரி எடுத்து, கிருமியின் மரபணுத் துணுக்கைத் தேடுவார்கள். துணுக்கு மிகக் குறைவாக இருந்தாலும் அதை மடங்கு மடங்காகப் பெருக்கிக் காட்டும். அதனால் இது கூர்மையான பரிசோதனை. இதன் பலவீனமும் அந்தக் கூர்மைதான். நோய் குணமாகிச் சில வாரங்கள் ஆன பிறகும், செத்துப்போன கிருமியின் மிச்சத்தைப் பிடித்து 'பாசிட்டிவ்' என்று சொல்லிவிடும். அதாவது, முதல் கேள்விக்கு நன்றாகப் பதில் சொல்லும். இரண்டாம் கேள்விக்குச் சரியாகச் சொல்லாது.

ஆன்டிஜென் பரிசோதனை: மருந்துக்கடையில் வாங்கி நாமே வீட்டில் செய்தோமே, அந்த வகை. கிருமியின் புரதத்தைத் தேடும். கால் மணி, அரை மணி நேரத்தில் முடிவு தெரியும். கிருமி அதிகமாக உள்ளவரைப் பெரும்பாலும் பிடித்துவிடும். குறைவாக உள்ளவரைத் தவறவிடும்.

எதிர்ப்பொருள் பரிசோதனை: இரத்தத்தில் ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால், தடுப்பூசி போடாத ஒருவருக்கு முன்பே தொற்று வந்து போயிருக்கிறது என்று பொருள்.

இப்போது ஒரு கணக்கு. இது விளக்கத்துக்காக நானே எடுத்துக்கொண்ட எண்கள். எந்தப் போட்டியின் புள்ளிவிவரமும் இல்லை.

ஒரு விளையாட்டுக் கிராமத்தில் 10,000 பேர் இருக்கிறார்கள். உண்மையில் தொற்று உள்ளவர்கள் 10 பேர். பரிசோதனை அந்தப் பத்துப் பேரில் 8 பேரைப் பிடிக்கிறது. தொற்று இல்லாதவர்களில் 500 பேருக்கு ஒருவரைத் தவறாக 'பாசிட்டிவ்' என்கிறது. அப்படியானால் 9,990 பேரில் ஏறக்குறைய 20 பேர் தவறாக மாட்டிக்கொள்வார்கள். மொத்தம் 28 பேருக்குப் 'பாசிட்டிவ்'. அதில் உண்மை 8, பொய் 20!

பரிசோதனை மோசம் என்று இதற்குப் பொருள் இல்லை. நோய் அரிதாக உள்ள கூட்டத்தில் எல்லாரையும் தினமும் சோதித்தால் இப்படித்தான் வரும். அதனால்தான் முதல் முடிவை வைத்து யாரையும் வெளியேற்றக்கூடாது, இரண்டாவது பரிசோதனை வேண்டும் என்கிறோம்.

தோக்கியோ ஒலிம்பிக்கில் இதைத்தான் செய்தார்கள். கிராமத்தில் தங்கிய விளையாட்டாளர்கள் நாள்தோறும் உமிழ்நீர் மாதிரி கொடுத்தார்கள். முதலில் ஆன்டிஜென் பரிசோதனை. முடிவில் சந்தேகம் இருந்தால் அதே மாதிரியில் பி.சி.ஆர். அதிலும் சந்தேகம் என்றால், கிராமத்து மருந்தகத்தில் மூக்கிலிருந்து மாதிரி எடுத்து மீண்டும் பி.சி.ஆர். மூன்று படி தாண்டினால்தான் 'தொற்று உறுதி'.

3. பாங்காக்: 'பாசிட்டிவ்' என்று வந்தும் விளையாடியவர்கள்

2021 ஜனவரி 12. பாங்காக்கில் தாய்லாந்துப் பொதுப் பூப்பந்துப் போட்டி தொடங்கிய நாள். நம் நெகிரி செம்பிலானைச் சேர்ந்த எஸ்.கிசோனா முதல் சுற்றில் இந்தியாவின் சாய்னா நேவாலைச் சந்திக்க வேண்டும். சாய்னா 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றவர். கிசோனாவுக்கு அது எவ்வளவு பெரிய ஆட்டம் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆட்டத்துக்கு முன்னால் செய்தி வந்தது: சாய்னாவுக்குத் தொற்று. இன்னோர் இந்திய ஆட்டக்காரர் எச்.எஸ்.பிரணோய், ஜெர்மனியைச் சேர்ந்த ஒருவர், எகிப்தைச் சேர்ந்த ஒருவர் ஆகியோருக்கும் 'பாசிட்டிவ்'. சாய்னா விலக்கப்பட்டார். அவருடைய கணவரும் ஆட்டக்காரருமான பாருப்பள்ளி காஷ்யப்பும் நெருங்கிய தொடர்பில் இருந்தவர் என்பதால் நிறுத்திவைக்கப்பட்டார். கிசோனா ஆடாமலேயே அடுத்த சுற்றுக்குப் போகும் நிலை.

ஆனால் அன்றைக்கே முடிவு மாறியது. நால்வருக்கும் மறுபடி பி.சி.ஆர். எடுத்தார்கள், இரத்தத்தில் எதிர்ப்பொருளும் பார்த்தார்கள். சாய்னா, பிரணோய், ஜெர்மன் ஆட்டக்காரர் மூவருக்கும் மறு பி.சி.ஆர். 'நெகட்டிவ்'; எதிர்ப்பொருள் 'பாசிட்டிவ்'. மூவருக்கும் 2020 இறுதியில் தொற்று வந்து போயிருந்தது. அதாவது பழைய தடயம் இருக்கலாம், அடுத்தவருக்குத் தொற்றாது. முதல் கேள்விக்கு 'ஆம்', இரண்டாம் கேள்விக்கு 'இல்லை'. மூவரும் விளையாட அனுமதிக்கப்பட்டார்கள். எகிப்து ஆட்டக்காரருக்கு மறுபரிசோதனையிலும் தொற்று இருந்ததால் அவர் மருத்துவமனையில் தங்கவேண்டியதாயிற்று.

மறுநாள் ஆட்டம் நடந்தது. சாய்னா நேர் செட்களில் கிசோனாவை வென்றார்.

இங்கே வகுப்பில் ஒரு வாக்குவாதமே நடந்தது. "கிசோனா பாவம் டீச்சர், ஜெயிச்சது போச்சு!" என்றாள் ஒருத்தி. "ஆடாம எப்படி ஜெயிச்சதாகும்?" என்றான் இன்னொருவன். இரண்டு பேரும் சரி. தொற்று இல்லாத ஒருவரை வெளியே தள்ளுவது அநியாயம். ஒரே நாளில் முடிவை இரண்டு தடவை மாற்றினால், எதிரே காத்திருப்பவரின் மனநிலையும் ஆயத்தமும் பாதிக்கப்படும் என்பதும் உண்மை. விதி நியாயமாக இருந்தால் மட்டும் போதாது. முடிவு நேரத்தோடு வரவேண்டும். இந்த ஒரு வரி உங்கள் கட்டுரைக்கு நல்ல கருத்து.

உடல் வேதனையும் உண்டு. அதே போட்டியின்போது கிடாம்பி ஸ்ரீகாந்த், பரிசோதனைக்குப் பிறகு தம் மூக்கிலிருந்து இரத்தம் வரும் படங்களை வெளியிட்டார். வந்து சேர்ந்ததிலிருந்து நான்கு தடவை மாதிரி எடுத்திருந்தார்கள். 'அடிக்கடி பரிசோதனை' என்று நாம் ஒரு சொற்றொடரில் எழுதிவிட்டுப் போவது, அவருக்கு இரத்தமாக வந்தது.

4. தோக்கியோ: 'நெகட்டிவ்' என்று வந்தும் ஒதுக்கப்பட்டவர்

இப்போது மாணவனின் கேள்விக்கு வருவோம்.

மாரியப்பன் தங்கவேலு, தமிழ்நாட்டின் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்தவர். சிறு வயதில் பேருந்து மோதி வலது கால் நசுங்கியது. 2016 ரியோ பாரா ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். 2021 ஆகஸ்டு 24-இல் தோக்கியோ பாரா ஒலிம்பிக் தொடக்க விழாவில் இந்தியக் கொடியை ஏந்தும் பெருமை அவருக்குத் தரப்பட்டிருந்தது.

தோக்கியோவுக்குப் பறந்த விமானத்தில் அவருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வெளிநாட்டவருக்குத் தொற்று உறுதியானது. மாரியப்பன் 'நெருங்கிய தொடர்பில் இருந்தவர்' ஆனார். அதற்குப் பிறகு எடுத்த பரிசோதனைகளில் அவருக்குத் தொற்று இல்லை என்றே வந்தது. இருந்தும் விழாவில் அவர் நடக்கவில்லை. அவருக்குப் பதிலாக டேக் சந்த் கொடியை ஏந்தினார்.

ஏன்? கிருமி உடம்புக்குள் போன மறுநாளே பரிசோதனையில் தெரியாது. அது பெருக நாள் எடுக்கும். கோவிட்-19-இல் அறிகுறி தெரியச் சராசரியாக ஐந்தாறு நாள், அதிகபட்சம் 14 நாள் என்று அப்போது கணக்கிட்டார்கள். ஆக, இரண்டாம் நாள் வரும் 'நெகட்டிவ்' என்பது 'இன்றைக்குத் தெரியவில்லை' என்று மட்டுமே பொருள்படும். ஐந்தாம் நாளுக்கு அது உத்தரவாதம் ஆகாது. முதல் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும், மூன்றாம் கேள்விக்கு 'ஆம்' என்பதால் காத்திருக்க வேண்டியதாயிற்று. நாம் வீட்டில் கைவளையலோடு இருந்ததும் இதே காரணத்தால்தானே! 2020-இல் சுகாதார அமைச்சு கட்டிவிட்ட அந்த இளஞ்சிவப்பு வளையல் ஞாபகம் இருக்கும்.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. மாணவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி இதுதான். தோக்கியோ விதிப்படி, தொற்று உறுதியானவரோடு ஒரு மீட்டருக்குள், முகக்கவசம் இல்லாமல், 15 நிமிடம் அல்லது அதற்கு மேல் இருந்தவர் நெருங்கிய தொடர்பாளர். அவரைப் போட்டியிலிருந்து நீக்கச் சொல்லி விதி இல்லை. தனி அறையில் தங்கவேண்டும், தனியாகச் சாப்பிடவேண்டும், தனி வாகனத்தில் போகவேண்டும், பயிற்சியில் மற்றவரை நெருங்கக்கூடாது. நாள்தோறும் பி.சி.ஆர். எடுக்கவேண்டும். போட்டிக்கு முந்தைய 6 மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனையில் 'நெகட்டிவ்' வந்தால் களத்தில் இறங்கலாம்.

மாரியப்பன் இறங்கினார். ஆகஸ்டு 31-ஆம் நாள், மழையில் நடந்த போட்டியில் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளி வென்றார். தங்கம் வென்ற அமெரிக்கர் சாம் குருவி தாண்டியது 1.88 மீட்டர். இடைவெளி இரண்டே சென்டிமீட்டர்.

இப்போது பாருங்கள்: அணிவகுப்பில் கொடி ஏந்துவது கூட்டத்துக்கு நடுவே நடப்பது, அது இல்லாமலும் போட்டி நடக்கும். உயரம் தாண்டுவது தனியாகச் செய்வது. அதை விட்டால் ஐந்து வருட உழைப்பு போய்விடும். விதி இரண்டையும் வேறு வேறாகப் பார்த்தது. கொடியைப் பிடிக்க விடவில்லை, தாண்ட விட்டது. "அப்படின்னா விதி சரிதான் டீச்சர், ஆனா மனசுக்குக் கஷ்டமா இருக்கு" என்றான் அந்த மாணவன். கட்டுரையில் இரண்டையும் எழுது என்றேன்.

5. பர்மிங்ஹாம்: போட்டி விதிக்கு மேலே நாட்டுச் சட்டம்

இதற்கு நேர்மாறான ஒன்று 2021 மார்ச்சில் நடந்தது. அகில இங்கிலாந்துப் பூப்பந்துப் போட்டி. நம் லீ ஸீ ஜியா ஆண்கள் ஒற்றையர் பட்டம் வென்ற போட்டி என்றால் உங்களுக்கு உடனே தெரியும்.

மார்ச் 13-இல் இந்தோனேசிய அணி இஸ்தான்புல்லிலிருந்து பர்மிங்ஹாமுக்குப் பறந்தது. அந்த விமானத்தில் வந்த ஒருவருக்குத் தொற்று இருந்தது. இங்கிலாந்தின் சுகாதாரத் துறை, அணியில் இருந்தவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியது: பத்து நாள் தனிமையில் இருக்கவேண்டும். அணி ஏற்கெனவே பரிசோதனை செய்து 'நெகட்டிவ்' பெற்றிருந்தது. ஜொனாதன் கிறிஸ்டி முதல் சுற்றில் வென்றும் இருந்தார். அதெல்லாம் எடுபடவில்லை. மார்ச் 17-இல் அணி முழுவதும் போட்டியிலிருந்து விலக்கப்பட்டது.

அதே விமானத்தில் வந்த துருக்கி ஆட்டக்காரர் ஒருவர் அப்போது போட்டியில் நீடித்தார் என்று தெரிந்ததும் இந்தோனேசியாவில் கோபம் வெடித்தது. பிறகு அவரும் விலக்கப்பட்டார். உலகப் பூப்பந்துச் சம்மேளனத்தின் தலைவர் இந்தோனேசியாவிடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார்.

தோக்கியோவில் மாரியப்பனுக்குக் கிடைத்த வழி பர்மிங்ஹாமில் ஏன் கிடைக்கவில்லை? போட்டியை நடத்துபவர் எழுதும் விதி, அந்த நாட்டுச் சட்டத்துக்குக் கீழ்ப்பட்டது. தோக்கியோவில் ஏற்பாட்டாளர்களும் ஜப்பானிய அரசும் முன்கூட்டியே பேசி, விளையாட்டாளர்களுக்கென்று தனி வழி வகுத்தார்கள். பர்மிங்ஹாமில் அப்படி ஒரு வழி இல்லை. பொதுமக்களுக்கான சட்டமே அவர்களுக்கும் பொருந்தியது.

"எல்லாருக்கும் ஒரே சட்டம்னா அது நியாயம்தானே?" என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். நம் அப்பா அம்மா சாவு வீட்டுக்குக்கூடப் போக முடியாமல் இருந்த காலத்தில், விளையாட்டாளருக்கு மட்டும் தனி வழியா என்று பலர் கேட்டார்கள். விவாதக் கட்டுரைக்கு இது நல்ல தலைப்பு. என் கருத்தைச் சொல்கிறேன்: தனி வழி தரலாம், ஆனால் அந்த வழி மற்றவருக்கு ஆபத்தைக் கூட்டக்கூடாது. தனி அறை, தனி வாகனம், நாள்தோறும் பரிசோதனை என்று இருந்தால் ஆபத்து கூடாது, செலவுதான் கூடும். அந்தச் செலவை யார் ஏற்பது என்று முன்கூட்டியே பேசியிருக்கவேண்டும்.

6. டுபாய்: ஒருவருக்குத் தொற்று, ஆட்டம் நிற்கவில்லை

கிரிக்கெட் பிரியர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. இதில் ஒரே ஆண்டில் நடந்த இரண்டு நிகழ்வுகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

2021 மே 3: கொல்கத்தா அணிக்கு ஆடிய தமிழ்நாட்டு வீரர் வருண் சக்கரவர்த்திக்கும் சந்தீப் வாரியருக்கும் தொற்று உறுதியானது. அன்றைய ஆட்டம் தள்ளிப்போனது. சென்னை அணியின் பந்துவீச்சுப் பயிற்சியாளர் எல்.பாலாஜிக்கும் தொற்று. மே 4-இல் ஐ.பி.எல். போட்டி முழுவதுமே நிறுத்தப்பட்டது. அப்போது இந்தியாவே இரண்டாம் அலையில் தத்தளித்துக்கொண்டிருந்தது.

2021 செப்டம்பர் 22: மீதி ஆட்டங்கள் ஐக்கிய அரபுச் சிற்றரசுகளில் நடந்துகொண்டிருந்தன. ஹைதராபாத் அணியின் நடராஜனுக்குத் தொற்று. சேலம் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த அதே 'யார்க்கர்' நடராஜன்தான். அவரைத் தனிமைப்படுத்தினார்கள். அவரோடு நெருங்கி இருந்தவர்கள் என்று ஆறு பேரை அடையாளம் கண்டு அவர்களையும் ஒதுக்கினார்கள். அதில் விஜய் சங்கரும் ஒருவர். மற்ற எல்லாருக்கும் விடியற்காலை 5 மணிக்குப் பரிசோதனை, எல்லாருக்கும் 'நெகட்டிவ்'. அன்று மாலை டெல்லியோடு ஆட்டம் திட்டமிட்டபடி நடந்தது.

மே மாதம் பல அணிகளில் ஒரே நேரத்தில் தொற்று வந்தது. நாட்டிலும் அலை உச்சத்தில் இருந்தது. செப்டம்பரில் தொற்று ஒரே ஆளோடு நின்றது. யார் யார் பக்கத்தில் இருந்தார்கள் என்ற பட்டியலும் சில மணி நேரத்தில் தயாராக இருந்தது. மூன்றாம் கேள்விக்கு விரைவாகவும் துல்லியமாகவும் பதில் கிடைத்தால், ஆறு பேரை ஒதுக்கினால் போதும். கிடைக்காவிட்டால், எல்லாரையும் நிறுத்தவேண்டியதுதான்.

7. நம் ஊரில் என்ன நடந்தது?

வெளிநாட்டுக் கதையையே சொல்லிக்கொண்டிருந்தால் தேர்வாளருக்கும் சலிப்பு வரும். நம் நாட்டு எடுத்துக்காட்டு ஒன்றாவது கட்டுரையில் இருக்கட்டும்.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. பிப்ரவரி இறுதியில் தொடங்கிய மலேசியக் காற்பந்து லீக், மார்ச் நடுவிலேயே நின்றுபோனது. ஆகஸ்டு இறுதியில் மீண்டும் தொடங்கியபோது சுற்றுகளைப் பாதியாகக் குறைத்து, ஓர் அணிக்கு 11 ஆட்டங்கள் என்று முடித்தார்கள். அந்தக் குறுகிய பருவத்தில் பிரிமியர் லீக் பட்டத்தை வென்றது நம் பினாங்கு அணி. டத்தோ கிராமாட் பக்கம் வசிப்பவர்களுக்குத் தெரியும், பண்டாராயா அரங்கில் ஆட்டம் என்றால் சாலையில் கார் நகராது. அந்த ஆண்டு அந்த நெரிசல் இல்லை. அணி ஜெயித்தது, கூட நின்று கத்த ஆள் இல்லை. அதே ஆண்டு மலேசியக் கிண்ணப் போட்டி இடையிலேயே இரத்தானது. ஜொகூரில் நடக்கவேண்டிய சுக்மாவும் அந்த ஆண்டு நடக்கவில்லை.

2021 மே மாதம் கோலாலம்பூரில் நடக்கவிருந்த மலேசியப் பொதுப் பூப்பந்துப் போட்டியும் தள்ளிவைக்கப்பட்டது. ஒலிம்பிக் தகுதிப் புள்ளிக்கு அது முக்கியமான போட்டி. அதோடு இந்திய, சிங்கப்பூர்ப் போட்டிகளும் நடக்காமல் போனதால், சாய்னாவுக்கும் ஸ்ரீகாந்துக்கும் புள்ளி சேர்க்க வழியில்லாமல் தோக்கியோ வாய்ப்பு நழுவியது. தொற்று வராமலேயே, தனிமையில் இருக்காமலேயே சிலர் இழந்தது இப்படி.

8. தோற்காதவரைத் தோற்றவர் என்று எழுதலாமா?

ஒரு சின்ன விவரம், ஆனால் எனக்குப் பிடித்த விவரம். தோக்கியோவில் தொற்றால் ஆட முடியாமல் போனவரை 'தகுதி நீக்கம் செய்யப்பட்டார்' என்று எழுதக்கூடாது என்று விதி வைத்தார்கள். 'தொடங்கவில்லை' என்றே குறிக்கவேண்டும். அதுவரை அவர் அடைந்த இடமும் பாதுகாக்கப்படும். 'தகுதி நீக்கம்' என்றால் ஊக்கமருந்து, ஏமாற்று என்று ஊர் நினைக்கும். நோய் வருவது குற்றம் இல்லையே!

நாமும் எழுதும்போது கவனமாக இருப்போம். 'தொற்றைப் பரப்பியவர்', 'கிருமியைக் கொண்டுவந்தவர்' என்றெல்லாம் எழுதாதீர்கள். 'தொற்றுக்கு ஆளானவர்' என்று எழுதுங்கள்.

9. தேர்வுக்கு எப்படிப் பயன்படுத்துவது?

மாணவர்களே, மேலே உள்ளதை அப்படியே மனப்பாடம் செய்யவேண்டாம். கட்டுரைச் சட்டகம் இதோ:

முன்னுரை: 2020-இல் பெருந்தொற்று, 2020 மார்ச் 24-இல் தோக்கியோ ஒலிம்பிக் ஓராண்டு தள்ளிவைப்பு, விளையாட்டைத் தொடர விதிகள் தேவைப்பட்ட சூழல்.
கருத்து 1: பரிசோதனை. வகைகள், இரண்டாம் பரிசோதனையின் தேவை. எடுத்துக்காட்டு: பாங்காக், சாய்னா – கிசோனா.
கருத்து 2: நெருங்கிய தொடர்பாளரைத் தனிமைப்படுத்துதல். எடுத்துக்காட்டு: மாரியப்பன்.
கருத்து 3: போட்டி விதியும் நாட்டுச் சட்டமும். எடுத்துக்காட்டு: பர்மிங்ஹாம்.
கருத்து 4: விளையாட்டாளரின் இழப்பு. எடுத்துக்காட்டு: மலேசியப் பொதுப் போட்டி, பினாங்கு லீக்.
முடிவுரை: அடுத்த பெருந்தொற்றுக்கு முன்னேற்பாடு.

ஒவ்வொரு கருத்துக்கும் 'என்ன – ஏன் – எடுத்துக்காட்டு – விளைவு' என்று நான்கு படி வையுங்கள். 'ஏன்' என்ற படியைத்தான் பலர் தாண்டிவிடுகிறார்கள்.

அடிக்கடி வரும் பிழைகள்:
- 'தனிமைப்படுத்தல்' வேறு, 'சிகிச்சை' வேறு. தொற்று இல்லாதவரும் தனிமைப்படுத்தப்படலாம்.
- 'பரிசோதனை' என்று எழுதவேண்டிய இடத்தில் 'சோதனை' என்று எழுதினால் துன்பம் என்ற பொருளும் வரும். கவனம்.
- 'நெகட்டிவ்', 'பாசிட்டிவ்' என்பவற்றைத் தேர்வில் 'தொற்று இல்லை', 'தொற்று உறுதி' என்று எழுதுங்கள். நான் இங்கே பேச்சு வழக்கில் எழுதியிருக்கிறேன். நீங்கள் அப்படி எழுதவேண்டாம்.

பயிற்சி வினாக்கள்:
1. தொற்று இல்லை என்று முடிவு வந்தபோதும் ஒருவரைத் தனிமைப்படுத்துவது ஏன்? 50 சொற்களில் விளக்குக.
2. 20,000 பேரில் 40 பேருக்குத் தொற்று. பரிசோதனை பத்தில் எட்டுப் பேரைப் பிடிக்கிறது. தொற்று இல்லாதவர்களில் 500 பேருக்கு ஒருவரைத் தவறாகக் காட்டுகிறது. தவறாகக் காட்டப்படுவோர் ஏறக்குறைய எத்தனை பேர்? சரியாகக் கண்டறியப்படுவோர் எத்தனை பேர்?
3. 'பெருந்தொற்றுக் காலத்தில் விளையாட்டாளர்களுக்குத் தனி விதி தருவது சரியே.' விவாதித்து எழுதுக.
4. கிசோனாவின் இடத்தில் உங்களை வைத்து, 2021 ஜனவரி 12 அன்று இரவு எழுதும் நாட்குறிப்பைக் கற்பனையாக எழுதுக.

ஆசிரியர்களே, நான்காம் வினாவை வகுப்பில் முயன்று பாருங்கள். என் வகுப்பில் "நாளைக்கு நான் ஆடுவேனா மாட்டேனா என்று இன்னும் தெரியவில்லை" என்று ஒரு மாணவி தொடங்கியிருந்தாள். எஸ்.பி.எம். 2020 தேர்வு தள்ளிப்போய் 2021 பிப்ரவரி 22-இல் தொடங்கியது அல்லவா? அந்தத் தேர்வை எழுதியவர் அவளுடைய அக்காள். தேதி மாறி மாறி வந்தபோது வீட்டில் அக்காள் சொன்ன வாக்கியமாம் அது.

அதனால்தான் இந்தத் தலைப்பு விளையாட்டுப் பிரியர்களுக்கு மட்டும் உரியது இல்லை என்கிறேன். வருடக்கணக்கில் உழைத்து ஒரே ஒரு நாளுக்காகக் காத்திருப்பவர் யாராக இருந்தாலும், அவரை நிறுத்தும் விதி எந்தக் கேள்விக்கான பதில் என்று அவருக்குப் புரியும்படி சொல்லவேண்டும். அவ்வளவுதான் அவர்கள் கேட்டது.

தேர்வு எழுதும் எல்லா மாணவர்களுக்கும் வாழ்த்துகள்.